பலேர்மோப் பூங்காவில் ஒரு தற்செயல்

என் தம்பி சிவானந்தனுக்குப் பெண் பார்க்கத்தான் டென்மார்க்கில் இருந்து இத்தாலிக்குப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் வரமாட்டான். ஏற்கெனவே மூன்று சம்பந்தம் குழம்பிப்போயிருந்தது. முதல் இடத்தார் தலைமயிர் கொட்டுகிறது என்றார்கள். அடுத்த இடத்தார் பூச்சட்டிக்கு மண் நிரப்புவதும் ஒரு வேலையா என்றார்கள். மூன்றாவது இடத்தில் இவருக்கு வாய் பேச வராதோ என்றே கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனிமேல் தன்னை ஆருக்காவது காட்டக் கொண்டுபோனால் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னான். வயது முப்பத்தைந்து. எனக்கு இருப்பது ஒரே தம்பி. சொன்னால் விட்டுவிடுவேனா? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

நாங்கள் இருப்பது ஒடென்சேயில். தம்பிக்கு நகருக்கு வெளியே ஒரு காட்னரியில் வேலை. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் பூக்கன்று வளர்த்துக் கடைகளுக்கு அனுப்பும் இடம். அங்கே கன்றுகளோடு கதைப்பான், வீட்டில் எங்களோடு கதைக்க மாட்டான். எண்பத்தைந்தாம் ஆண்டு ஏப்ரலில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பலேர்மோவில் பெரிய பழைய பூங்காக்கள் இருக்கின்றனவாம், மலிவான சுற்றுலா விமானம் போகிறதாம், போவோமா என்று மெல்லக் கேட்டேன். பூங்கா என்றதும் தலையாட்டினான்.

பலேர்மோவில் என்னோடு படித்த புஷ்பராணி இருந்தாள். அவளுடைய மச்சாள் தங்கமலர்தான் பெண். ஊரில் என்றால் கோயிலில் தற்செயலாகக் கண்ட மாதிரிப் பார்ப்பது வழக்கம். பிடித்தால் பேச்சைத் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் நீங்களும் கும்பிட வந்தீர்கள், நாங்களும் கும்பிட வந்தோம், ஒருவருக்கும் குறைச்சல் இல்லை. பலேர்மோவில் கோயிலுக்கு எங்கே போவது? துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள பொதுப் பூங்காவில், பெரிய ஆலமரத்தின் கீழ், ஞாயிறு பத்து மணிக்கு என்று ரெலிபோனில் முடிவானது. அவள் அனுப்பிய பெண்ணின் படம் பள்ளிக்கூடக் குழுப்படம். மூன்றாம் வரிசையில் ஐந்தாவது ஆளாம். முகம் மிளகு அளவுதான் தெரிந்தது. பச்சை உடுப்பில் வருவாள், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை என்று புஷ்பராணி அடையாளம் சொல்லியிருந்தாள்.

பூங்கா நூறு வருசத்துக்கு மேல் பழையதாம். இரும்பு வேலி, உட்காரக் கல் வாங்குகள், பனை மாதிரி மரங்கள், வேலிக்கு அப்பால் கப்பல்களின் பாய்மரம். நடுவில் அந்த மரம். எங்கள் ஆலமரத்தின் சொந்தக்காரன்தான். விழுதுகள் நிலத்தில் இறங்கி அதுவே ஒரு மண்டபமாகி நின்றது. தம்பி அண்ணாந்து பார்த்தபடி அதைச் சுற்றத் தொடங்கினான். இவர், என்னவர் ஆனந்தராஜா, வாங்கில் இருந்து தோடம்பழம் உரித்தார்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை, வெள்ளைக்காரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தனியாக. புஷ்பராணி கெட்டிக்காரி, தான் எங்கேயோ மறைந்து நின்று பிள்ளையைத் தனியே விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். உடனே என் நடிப்பைத் தொடங்கினேன். தமிழோ பிள்ளை, எந்த ஊர், இஞ்சை வந்து எவ்வளவு காலம், காலமை சாப்பிட்டியோ என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. என்னைவிட நல்லாய் நடிக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சினேன்.

கையோடு கொண்டுவந்திருந்த இடியப்பப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். சாப்பிட்ட விதம் பிடித்தது. பணிவு பிடித்தது. தம்பியைக் கூப்பிட்டு, இந்த மரத்தைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லு என்று விட்டுவிட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனேன்.

அவன் சொன்னது எனக்குக் கேட்டது. இதே சாதிக் கன்றைத்தான் தான் ஒடென்சேயில் கைப்பிடி அளவு சட்டிகளில் கிழமைக்கு நானூறு நட்டு அனுப்புவதாகவும், டெனிஷ்காரர் அதை யன்னலில் வைத்து வளர்ப்பதாகவும் சொன்னான். பிள்ளை மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வளர்ந்தால் அவையின்ரை வீடு என்னவாகும் என்று கேட்டாள். தம்பி சிரித்தான். ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இவர் தோடம்பழத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

அரை மணித்தியாலம் போனது. பூங்கா வாசலில் புஷ்பராணி வந்தாள். பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு பெண்.

அப்படியென்றால் மரத்தடியில் நிற்பது ஆர்? விறுவிறு என்று மரத்தடிக்குப் போனேன். வண்டிக் குழந்தை அந்தப் பிள்ளையின் கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது. நுனியில் சிலுவை. பேர் மேரிசெலினாம், மன்னாராம். பேரைக்கூடக் கேட்காமல் இடியப்பம் தீத்தியிருக்கிறேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். தம்பியைத் தனியே இழுத்து, வா, அங்காலை போவம், தெரிஞ்ச ஆக்கள் வந்திருக்கினம் என்றேன்.

அவன் அசையவில்லை.

"அக்கா, பெட்டிக்கை பட்டு வேட்டி வைக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது. ஆரையோ காட்டத்தான் கூட்டிக்கொண்டு வாறியள் எண்டு. கோபத்தோடைதான் வந்தனான். ஆனா நீங்கள் காட்டின பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு."

"அது நான் காட்டின பிள்ளை இல்லையடா."

"நீங்கள்தானே கூப்பிட்டுக் காட்டினனீங்கள்."

வேதக்காரப் பிள்ளை. எங்கள் பகுதியில் வாய்க்கு வாய் என்ன கதை வரும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டேன். அன்றைக்கு வந்த கோபத்தை ஆரில் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவனைத் திட்ட வாய் திறந்தேன். முகம் பள்ளிக்கூடப் பெடியனின் முகமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஊர் கதைக்கும், கதைத்துவிட்டுச் சோறு தின்னப் போகும். இவன் இன்னொருமுறை இப்படிச் சிரிப்பான் என்று ஆர் எனக்கு எழுதித் தருவது?

திரும்பி நடந்து புஷ்பராணியை வழியிலேயே மறித்தேன்.

"என்னடி புஷ்பராணி, இஞ்சை எங்காலை? நாங்கள் சும்மா பூங்கா பாக்க வந்தனாங்கள்."

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள். அவளும் யாழ்ப்பாணத்துக்காரிதான், ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"நாங்களும் சும்மாதான் வந்தனாங்கள்," என்றாள்.

தங்கமலர் வாங்கடிக்கு வந்து இவரிடம் ஒரு தோடம்பழம் வாங்கி உரித்துக்கொண்டே, தனக்கு டென்மார்க் குளிர் ஒத்துவராது என்று தற்செயலாகச் சொன்னாள். நல்ல பிள்ளை. அவளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

ஒரு வருசம் கடிதங்கள் போய்வந்தன. எண்பத்தாறு ஜூனில் ஒடென்சே நகரசபையில் பதிவு, பிறகு மாதா கோயில், பிறகு எங்கள் வீட்டில் தாலி. ஆர் பேசின சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், நான்தான் என்று சொன்னேன்.

அடுத்த நாள் குசினியில் வெங்காயம் வெட்டும்போது, அன்றைக்கு ஏன் பிள்ளை கண் கலங்கினனீ என்று செலினைக் கேட்டேன். அதற்கு முன் இரண்டு வருசம் அந்தப் பூங்காவுக்குத் தினமும் வண்டி தள்ளிக்கொண்டு போனாளாம்.

"சாப்பிட்டியோ எண்டு அண்டைக்குத்தான் ஒராள் கேட்டது, அக்கா," என்றாள்.

அது நடிப்புக்குக் கேட்ட கேள்வி என்று அவளுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. வெங்காயத்தை வைத்துவிட்டு, இப்ப சாப்பிட்டியோ என்று கேட்டேன்.