நாற்பத்தோராம் பக்கத்து அடைப்பு

1.

“நீ அந்த அடைப்பை எடுத்துட்டேன்னா நான் மாத்திரைக்கு எங்கக்கா போறது? உங்க ஆபீசுக்கா?”

“கத்தாதேடா. கீழ் வீட்டுக்குக் காது நீளம்.”

அந்தக் கீழ் வீடு நான்தான். கதை பிறந்தது இப்படி: ஏற்கெனவே காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டு மாடிப்படி ஓரம் நின்றேன். வெட்கமில்லை. [கொஞ்சம் உண்டு.]

2.

முதலில் ‘உலக வணிகத்தில் அறிவுசார் சொத்துரிமை என்பது’ என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.

மாடிவீட்டு அக்கா வணிக அமைச்சகத்தில் வரைவு எழுத்தர். நாடுகள் ஒப்பந்தம் பேசும்போது, ஒத்துவராத வரியைச் சதுர அடைப்புக்குள் வைப்பார்கள். ஒத்துக்கொண்டால் அடைப்பு போகும். கடைசிவரை இல்லையென்றால் வரியே போகும். அந்த அடைப்புகளுக்குக் காவல் அக்கா.

சண்டைக்குக் காரணமான வரி இது: ஒரு கம்பெனி தன் மருந்தைச் சோதித்த முடிவுகளைக் காட்டி, அதே மருந்தை மலிவாகச் செய்ய இன்னொருவர் எட்டு வருடத்துக்கு அனுமதி கேட்கக்கூடாது. தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம். அவனுக்கு வேண்டிய புது மாத்திரை மறு வருடமே மலிவாக வருவதாக இருந்தது. எட்டு வருடம் பொறுக்க அந்தச் சிறுநீரகம் தயாரில்லை.

3.

[அக்கா மேசையைக் குத்தினாள், அவையே அதிர்ந்து — வேண்டாம். கூரியர்காரரிடம் பேசவே அவளுக்குக் குரல் எழும்பாது.]

நடந்தது இவ்வளவுதான். கடைசி நாள் எதிர்த்தரப்பு கொடுத்த சுத்தப் பிரதியில் அந்த வரி அடைப்பில்லாமல் நின்றது. தவறோ, சாமர்த்தியமோ. எல்லோருக்கும் விமானத்தைப் பிடிக்கிற அவசரம். அக்கா கை தூக்கினாள்.

“சார், நாப்பத்தோராம் பக்கம். அடைப்பைக் காணோம்.”

“கிடக்கட்டும் விடும்மா,” என்றார் குழுத் தலைவர்.

“நம்ம ஒத்துக்கவே இல்லையே சார். எப்படிக் கிடக்கும்?”

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. அடைப்பு திரும்பி வந்தது. சாயங்காலம் பேச்சு முடிந்தபோது, அடைப்போடு வரியும் உதிர்ந்தது.

“டைப் அடிக்கத்தான் சம்பளம் தர்றாங்கன்னு நெனச்சேன்க்கா,” என்றான் தம்பி, வீடு திரும்பி இதையெல்லாம் சொன்ன அக்காவிடம்.

“போடா, மாத்திரையைப் போட்டியா?”

பிறகு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். யாரென்று துணிக்கொடியிலிருந்து தெரியவில்லை.

4.

ஒன்றை மறைத்துவிட்டேன். தம்பி எனக்குப் பழக்கமானதே மருத்துவமனை வரிசையில்தான். எனக்கும் மாற்றுச் சிறுநீரகம், அதே மாத்திரை. மறு வருடம் அது வந்தது. இதை எழுதும் மேசையில் அந்த டப்பா இருக்கிறது.

தம்பி, அந்த வரிசையில் எங்களை அதட்டிய நர்ஸையே கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் குடிபோனான். அக்கா தொலைவில் ஓர் ஆவணக் கிடங்குக்கு [தண்டனையாக] [அவளே கேட்டு வாங்கி] மாற்றலானாள். எந்த அடைப்பை எடுப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதிகாரமில்லை.

அடைப்பில்லாமல் சொல்ல ஒன்று மட்டும் இருக்கிறது. அவள் சாமான்கள் லாரியில் ஏறிய காலை, காலித் துணிக்கூடையோடு மாடியேறினேன்.

“ரொம்ப நன்றிம்மா.”

“எதுக்குங்க?”

“எனக்குக் காது நீளம்,” என்றேன்.