கழற்றி வைத்த அலாரம்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஆறு வாடகை வீடுகள் உள்ள அந்தக் கட்டடத்தைப் பிலோமின்ராஜ் ஐந்து வருடமாகப் பராமரித்து வந்தார். அதற்கு முன் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஒயர்மேன். கட்டடத்தின் சொந்தக்காரர் அன்புச்செல்வன் கனடாவில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய அலாரம் கொண்டுவந்தார். வெள்ளையாக, வட்டமாக, சாஸர் அளவு.

"புகை வந்தாலும் கத்தும், கேஸ் சரியா எரியாம விஷவாயு வந்தாலும் கத்தும். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாதுண்ணே, இதுக்குத்தான் தெரியும். மாசம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்க. வருஷம் ஒரு தடவை பேட்டரி மாத்திடுங்க."

பிலோமின்ராஜ் அப்படியே செய்தார். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆறு வீட்டுக்கும் ஏறி இறங்கிப் பட்டனை அமுக்குவார். சத்தம் வந்ததும் அன்புச்செல்வனுக்கு வாட்ஸப்பில் செய்தி போகும். அலாரத்தோடு வந்த ஆங்கிலக் காகிதத்தை மட்டும் அவர் படிக்கவில்லை. அது மீட்டர் பெட்டிக்குள் மடித்தபடி கிடந்தது.

இரண்டாவது மாடியில் வையம்பட்டியிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர் குடியிருந்தார்கள். அக்கா இளவேனில், ஸ்கூல் டீச்சர். தங்கை அறிவுமதி குரூப் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கேஸ் கீசர் அவர்கள் பாத்ரூமுக்குள் இருந்தது. ஐப்பசி மழையில் வெண்டிலேட்டர் வழியாகச் சாரலும் புறாவும் உள்ளே வருவதாக இளவேனில் சொன்னதால், பிலோமின்ராஜ்தான் பிளாஸ்டிக் ஷீட் வைத்து அதை அடைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து இளவேனில் மாடிப்படியில் அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, அந்த அலாரம் தொல்லை தாங்கலை. நாங்க குளிச்சிட்டு வந்தாலே கத்துது. மதிக்குப் படிக்கவே முடியலைங்கறா. ஏற்கெனவே தலைவலின்னு கண்ணாடி வேற மாத்தியிருக்கோம்."

"வெந்நீர் ஆவி பட்டிருக்கும் டீச்சர். உள்ள ஈரம் போயிருந்தா சும்மா சும்மா கத்தும்."

"கழட்டிடுங்களேன்."

அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். பேட்டரி ஜூனில் மாற்றியது, நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் மாட்டிவிடலாம் என்று மீட்டர் அறை அலமாரியில் வைத்தார். அதன் பிறகு மோட்டார் ரிப்பேர், கீழ்வீட்டுக் குழாய் என்று வேலைகள் வந்தன. நவம்பர் முதல் ஞாயிறு ஐந்து வீட்டில் பட்டனை அமுக்கிவிட்டு, ஆறும் சரி என்று செய்தி அனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இளவேனில் ஸ்கூலிலிருந்து போன் செய்தாள். "மதி போன் எடுக்க மாட்டேங்கறாண்ணே. கொஞ்சம் பாக்கறீங்களா?"

மாற்றுச் சாவியால் திறந்தார். பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கூப்பிட்டார், பதில் இல்லை. கதவை இரண்டு உதை உதைத்ததும் தாழ்ப்பாள் தெறித்தது. கீசர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அறிவுமதி சுவரோரம் சரிந்து கிடந்தாள். கொடியில் கிடந்த சேலையை எடுத்துப் போர்த்தி, வாசல்வரை தூக்கிவந்து போட்டார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. உயிர் இருக்கிறது என்றுதான் நினைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்.

போலீஸ் வந்தது. கீசரைப் பார்த்தார்கள், ஷீட்டைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் பாத்ரூமுக்கு வெளியே சுவரில் வட்டமாகத் தெரிந்த அடையாளத்தைக் காட்டினார்.

"இங்க என்னய்யா இருந்துச்சு?"

"கடிகாரம் சார்," என்றார் பிலோமின்ராஜ். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று மாலையே அன்புச்செல்வன் போன் செய்தார். "அலாரம் கத்தலையாண்ணே?"

பிலோமின்ராஜ் கழற்றியதைச் சொன்னார். ஈரம் என்று நினைத்ததையும் சொன்னார். அன்புச்செல்வன் ஒன்றை மட்டும் கேட்டார்.

"எப்படிக் கத்துச்சு? நிமிஷத்துக்கு ஒரு தடவையா, இல்ல நாலு நாலா விடாமயா?"

"நாலு நாலாத்தான் கத்துதுன்னு டீச்சர் ஒரு தடவை சொன்னாங்க சார்."

"அது ரிப்பேர் இல்லண்ணே. அதுதான் விஷவாயு. அந்தப் பேப்பர்ல மொத வரியே அதுதான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கீசராலதான்னு போலீஸே எழுதிட்டாங்கல்ல. இதை யார்கிட்டயும் பேசிக்க வேணாம்."

ஒரு வாரம் பிலோமின்ராஜ் அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டாம் நாள் வையம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

பெண்களின் அப்பா வீரமலை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் உடம்பைத் தூக்கி வந்தவர் என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டுதான் பிலோமின்ராஜால் பேச முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னார். கடிகாரம் என்று பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. இளவேனில் நிலைப்படியில் சாய்ந்தபடி கேட்டாள்.

வீரமலைக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "அப்ப அது எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்துச்சு?"

"ஆறேழு நாள் இருக்கும்யா."

கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எதுக்கு இதை வந்து சொன்னீங்க?" என்றாள் இளவேனில். "மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிட்டாவது இருந்திருப்பேன். கழட்டச் சொன்னது நான். கழட்டின பிறகு, இப்ப நிம்மதியா இருக்குன்னு மதிகிட்ட சொன்னதும் நான்."

"தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான்தான் டீச்சர். நாளைக்கு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவர் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தார். அவர் மீதும் அன்புச்செல்வன் மீதும் அஜாக்கிரதை என்று வழக்குப் பதிவானது. அன்புச்செல்வன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். போவதற்கு முன் ஆறு வீட்டிலும் அடைத்திருந்த வெண்டிலேட்டர்களைப் பிலோமின்ராஜ் திறந்துவிட்டார். இருந்த இரண்டு கேஸ் கீசர்களையும் கழற்றி இறக்கினார். முதல் மாடிக்காரர் வெந்நீருக்கு என்ன செய்வது என்று சண்டை போட்டார். அடுப்பில் வைத்துக் குளிக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

தை மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் இளவேனிலும் இருந்தாள். எழுத்தர் அவளிடம், அலாரத்தை அவராகவே கழற்றினாரா என்று கேட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் பெயர் வழக்கில் வராது என்று உறவுக்காரர் ஒருவர் அவள் காதருகே சொன்னது பிலோமின்ராஜுக்கும் கேட்டது.

"நான் சொல்லித்தான் கழட்டினார். அதையும் எழுதுங்க," என்றாள் இளவேனில்.

கையெழுத்துப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடந்து, அவரைப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.