நான் சேராமல் விட்ட சீட்

பதினேழு வயதில் எனக்குக் கிடைத்த சிவில் இன்ஜினியரிங் சீட், நான் வருவேன் என்று பத்து நாள் பார்த்துவிட்டு, பதினோராவது நாள் தானே படிக்க ஆரம்பித்தது.

அது ஒரு தேக்கு நாற்காலி. வலது பக்கம் எழுதுவதற்குக் கைப்பலகை உண்டு. வருகைப் பதிவேட்டில் செண்பகவல்லி என்று என் பெயர் ஏறியிருந்ததால், அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அதுவே “உள்ளேன் ஐயா” என்று சொன்னது. ஒரு வகுப்புக்கூடத் தவறவிடவில்லை. வகுப்பறையிலேயே தங்கியிருந்ததால் அது பெரிய சாதனையும் இல்லை. முதல் வகுப்பில் தேறி, பரீட்சை எழுதி, பாலம் கட்டும் அரசாங்க வேலையில் சேர்ந்தது. மேசைக்குப் பின்னால் நாற்காலி மட்டும் இருப்பது ஜனங்களுக்குப் பழக்கம்தான் என்பதால் மனுக் கொடுக்க வந்த யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

இதெல்லாம் அது பொங்கலுக்குப் பொங்கல் அனுப்பிய வாழ்த்து அட்டைகளில் இருந்து எனக்குத் தெரியும். “மதுரைக்கு மாற்றலாகியிருக்கிறேன். மழை அதிகம். கால்களுக்கு ரப்பர் போட்டிருக்கிறார்கள்” என்கிற மாதிரி இரண்டு மூன்று வரி எழுதும்.

நான் ஏன் சேரவில்லை என்றால், அப்பா. அவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். சேர்க்கை உத்தரவை மூன்று முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நல்ல சீட்டுதாம்மா. ஆனா பஸ் ஏறிப் போகணுமே” என்றார். அவர் கோபக்காரர் இல்லை. என்னை அடித்ததோ திட்டியதோ இல்லை. பஸ் ஏற வேண்டும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவரால் தாண்ட முடியவில்லை. ஆகவே நடந்து போகும் தூரத்தில் இருந்த கல்லூரிக்குப் போனேன். வரலாற்றுப் பாடத்துக்கு வரிசை குட்டையாக இருந்தது, அதில் நின்றேன். பிறகு தொலைபேசி நிலையத்தில் வேலை. முப்பது வருடம் பிறரிடம் “லைன்ல இருங்க” என்று சொல்லியே கழிந்தது.

போன ஏப்ரலில் ஒருநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. டிரைவர் அந்த நாற்காலியை இறக்கி வைத்து, அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார். கழுத்தில் ரோஜா மாலை வாடாமல் இருந்தது. முந்தின நாள்தான் பணி ஓய்வு பாராட்டு விழா நடந்திருக்கிறது.

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டது.

“இருக்கேன். உள்ள வாங்க” என்றேன்.

என் கணவர் ஆவுடையப்பன் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முறைகளில் கவனமானவர். என் பெயரில் படித்தது என்பதால் அது எனக்கு உடன்பிறப்பு முறை என்றும், எனக்குப் பத்து நாள் பிந்தியதால் தனக்குக் கொழுந்தியாள் ஆக வேண்டும் என்றும், ஆனால் பதவியில் பெரியது என்பதால் அப்படிக் கூப்பிடுவது சரியில்லை என்றும் யோசித்து, கடைசியில் “வாங்க மதினி” என்றார்.

அது வந்த காரியம் இதுதான். ஓய்வு பெறும் சீட், உரியவரிடம் போய் ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. என்னுடைய சேர்க்கை உத்தரவு இன்னமும் செல்லும். ஜூன் முப்பதுக்குள் நான் அதில் உட்கார்ந்துவிட்டால் முதலாம் ஆண்டு சேர்ந்ததாகக் கணக்கு. உட்காராவிட்டால் சீட் ரத்து.

“அவசரம் இல்ல. யோசிச்சு உக்காருங்க” என்றது.

அதன் பிறகு வீட்டில் ஒரு சங்கடம் ஏற்பட்டது. எனக்கு மூட்டுவலி. காய் நறுக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் சட்டென்று உட்கார்ந்துவிடும் பழக்கம். ஒருமுறை கீரையை ஆய்ந்துகொண்டே பின்வாக்கில் சரிந்து, அரை அடி உயரத்தில் என் கணவர் “ஏ, காலேஜு” என்று சொன்னதால் தப்பித்தேன். அதில் இருந்து நான் வீட்டில் தரையிலேயே உட்கார்ந்தேன். அதற்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்து அது தான் கட்டிய பாலத்தைக் காட்டுவதாகச் சொன்னது. இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் பாதி காலியாக இருந்தும் அது கடைசிவரை நின்றுகொண்டே வந்தது. சீட் மேல் சீட் உட்காருவது மரியாதை இல்லை என்றது. கண்டக்டரும் அதை ஆமோதித்தார்.

பெரிய பாலம் இல்லை. வருடத்தில் இரண்டு மாதம் தண்ணீர் ஓடும் ஆற்றின் மேல் பதினோரு தூண். ஆற்று மணலில் இறங்கி, தூண்களுக்கு நடுவே நடந்து பார்த்தேன். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு லாரி போனது. அதிர்வு தூண் வழியாக என் உள்ளங்கை வரை வந்து நின்றது. செண்பகவல்லி என்று கல்வெட்டில் போட்டிருந்தார்கள். என் பெயரைக் கல்லில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். ‘ல்’ மேல் புள்ளி இல்லை.

“ரெண்டாவது தூண் ஒரு சாண் வடக்க தள்ளி இருந்திருக்கணும். ஆத்துக்கு மட்டும்தான் தெரியும்” என்றது.

“உங்களுக்கு இந்த வேலை பிடிச்சிருந்ததா?”



“யாரும் கேக்கலையே. காலியா இருக்கக் கூடாதேன்னு படிச்சேன்” என்றது.

எனக்கு அதைக் கேட்டு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடமும் நான் இழந்ததை அது அனுபவித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, உள்ளுக்குள் லேசாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சில வருடம் அதன் அட்டைக்குப் பதில் எழுதாமலும் இருந்திருக்கிறேன். அதன் முதுகில் கை வைத்தேன். மாலை கட்டிய கயிற்றின் தடம் இன்னும் இருந்தது.

திரும்பி வந்த அன்று சாயங்காலம், இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று என் கணவர் அதனிடம் விசாரித்தார். பிறருக்கு வேலை யோசனை சொல்வதில் அவருக்கு ஆர்வம் உண்டு. காகிதம் எடுத்து வைத்துக்கொண்டார்.

“கோர்ட்டுல போடுவாங்க மதினி. நல்ல மரியாதை. இல்லன்னா சினிமா தியேட்டர். ஏசி இருக்கு, படமும் பாத்த மாதிரி ஆச்சு. டென்டிஸ்ட் வேலைக்கு மேல படிக்கணும், இந்த வயசுல வேண்டாம்.”

“எனக்கு ராட்டினத்துல சேரணும்னு ஆசை” என்றது நாற்காலி.

“எந்த ராட்டினம்?”

“பொருட்காட்சியில சுத்துமே. அது.”

என் கணவர் பேனாவை மூடி வைத்தார். “அது சீசன் வேலை மதினி. நிரந்தரம் கிடையாது. எவ்வளவு பெரிய இடத்துல இருந்தவங்க நீங்க. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“சின்ன வயசுல இருந்தே ஆசை. காலு நாலும் தரையிலதான் இருந்துச்சு எப்பவும்.”

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஆனால் சாப்பிடும்போது என்னிடம், “நல்லாப் படிச்ச நாற்காலி” என்று வருத்தமாகச் சொன்னார்.

மே மாதம் எங்கள் மகள் சுபாஷிணி சென்னையில் இருந்து வந்தாள். இருபத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வந்த இரண்டாவது நாள், அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தூசி தட்டினாள். பிறகு என்னிடம், “அம்மா, நான் வேலைய விடப் போறேன்” என்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கால்நடை மருத்துவத்தில் சீட் கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. “நல்ல சீட்டுதாம்மா. ஆனா மாட்டுத் தொழுவத்துல நிக்கணுமே” என்று சொன்னேன். சொன்னபோது அது என் சொந்த வாக்கியம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு கம்ப்யூட்டரில் சேர்ந்தாள்.

“அந்த சீட்டு என்ன ஆச்சுன்னு என்னைக்காவது நினைச்சியாம்மா?”

“இல்ல.”

“நாமக்கல் பக்கம் கோழிக்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பேசுறது அதுகிட்டத்தான்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் ஃபோன் பேசுவது எங்களுக்குத் தெரியும். யாரோ பையன் என்று நினைத்து, அவளாகச் சொல்லட்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தோம். என் கணவர் அவள் ஜாதகத்தை எடுத்துப் புது உறையில் போட்டுக்கூட வைத்திருந்தார்.

அவள் அப்போதே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் ஆயிரம் கோழிகள் சத்தம் கேட்டது.

“வணக்கம்மா. நான் ஆய்வகத்து ஸ்டூல் பேசுறேன்” என்றது ஒரு மெல்லிய குரல்.

“வணக்கம்பா. நல்லா இருக்கியா?”

“இருக்கேம்மா. சுபா எப்ப வந்தாலும் நான் எந்திரிச்சுக்குறேன். பன்னெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குக் கோழின்னா கொஞ்சம் பயம்மா.”

எங்கள் நாற்காலி சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார். சுபாஷிணி ஃபோனைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பதினேழு வயதில் ஒரு நாள் பட்டினி கிடந்த அதே முகம்தான். அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

“நல்ல சீட்டு” என்றேன்.

அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு நாலைந்து விஷயங்கள் தொண்டை வரைக்கும் வந்தன. தண்ணீர் குடித்தேன்.

அவள் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறினாள். வழியனுப்பிவிட்டு வந்ததும் வீடு வெறிச்சென்று இருந்தது. நான் முகம் கழுவி, ஒரு நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டேன். கூடத்துக்கு வந்து, நாற்காலியின் கைப்பலகையைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்தேன்.

பதினேழு வயது உடம்புக்கு அளவெடுத்த சீட். இடுப்பில் இறுக்கமாக இருந்தது. கைப்பலகையை இறக்கியபோது வயிற்றில் முட்டியது. ஆனால் முழங்கால் வலிக்கவில்லை.

“சேந்தாச்சு” என்றது அது. குரலில் நிம்மதி தெரிந்தது.

என் கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

“ஹாஸ்டலா, டே ஸ்காலரா?”

“ஹாஸ்டல்தான். பஸ் ஏறிப் போகணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, “சாம்பாருக்கு எத்தனை விசில் விடணும்னு மட்டும் எழுதி வச்சுட்டுப் போ” என்றார். நான் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். பெட்டியை அவரே பஸ் நிலையம் வரை தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் ஓரத்து இடத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டுப் பிடித்து வைத்தார். பஸ் கிளம்பும்போது கையை ஆட்டாமல், நான் திரும்பி வரும் பஸ் எது என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிக்கு அந்த மாதமே ராட்டினத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் பாலம் கட்டிய அனுபவத்தைச் சொல்லியிருக்கிறது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லையாம். தலைசுற்றுமா என்று மட்டும் கேட்டார்களாம். எனக்கு ஹாஸ்டல் முகவரிக்கு அட்டை எழுதியது. “ஒரு தடவைக்கு இரண்டு குழந்தைகள். மேலே போனதும் கத்துகிறார்கள். நானும் கத்துகிறேன்” என்று இருந்தது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

என் வகுப்பில் அறுபத்துநான்கு பேர். எல்லாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்கு மூன்றாவது பெஞ்சில் இடம் தந்தார்கள். பக்கத்தில் ஒரு மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவு உட்கார்ந்திருந்தது. மேற்படிப்புக்கு விடுப்பு வாங்கி வந்திருந்தது. வளைந்து உட்கார்ந்ததால் பெஞ்சில் கொஞ்சம் அதிகமாகவே இடம் பிடித்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன்.

“நீ இங்க வந்துட்டா வண்டியெல்லாம் எப்படிப் போகும்?” என்று கேட்டேன்.

“எட்டாவது ரெண்டையும் சேர்த்துப் பாத்துக்கும் அக்கா. நல்ல பிள்ளை.”

முதல் வகுப்பு பொறியியல் வரைபடம். ஆசிரியர் பத்து சென்டிமீட்டரில் ஒரு நேர்கோடு போடச் சொன்னார். வளைவு என்னிடம் ஸ்கேல் கேட்டது. கொடுத்தேன்.