பல் உடைந்த வாரி

இப்போதெல்லாம் குடித்த டம்ளரைக் கழுவி வைக்க ஆளில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கையுறை மாட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். சரி, போகட்டும். பொறுக்கியதைக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதானே? விரித்து வைத்து, எண்ணி, வகை பிரித்து, அதற்கு ஆராய்ச்சி என்று பேர் வேறு. நான் லாரி ஓட்டியவன். எத்தனையோ ஊர்க் குப்பையைப் பார்த்தாயிற்று. குப்பை குப்பைதான்.

என் வீட்டுக்காரி இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவள் போவதற்காக இல்லை. அவளுக்கு ஜோடியாக அந்தப் பல் டாக்டரைப் போட்டிருக்கிறார்களே, அதற்காக. ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், வெள்ளைத் தொப்பி. இடுக்கியால் ஒரு பாட்டில் மூடியை எடுத்து, யாரோ வாயைப் பிளந்து காட்டுகிற மாதிரி உற்றுப் பார்ப்பார். "மூடி, நீலம்" என்பார். இவள் தாளில் குறிப்பாள். நடுவில் என்னவோ சொல்வார், இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

வீட்டிலும் அதே பேச்சு.

"இந்த மூடியெல்லாம் கால்வாய் வழியாத்தான் வருதுன்னு நான் சொல்றேன். டாக்டர் கடல்லேருந்துதான்னு சொல்றாரு. இப்பத்தான் மழை ஓஞ்சிருக்கு, கால்வாய் பொங்கி ஓடியிருக்கு. இந்தத் தடவை எண்ணிக்கை கூடினா தெரிஞ்சுபோயிடும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"கால்வாய் வாயில வலை கட்டச் சொல்லலாங்க. நான் கண்டுபிடிச்சதுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

அவருக்கும் அவளுக்கும் பந்தயம். நான் எதில் சேர்த்தி?

அங்கே இரண்டு சிவப்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். மாசம் ஒரு தடவை அதற்குள் கிடப்பதை மட்டும் எண்ணினால்தான் கணக்காம். இடையில் இருக்கிற மணலில், எண்ணுகிற நாள் தவிர யாரும் எதையும் தொடக்கூடாதாம். போன மாதம் அதில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுக்கப் போனேன். "அய்யா, அதை விட்டுடுங்க" என்றார் டாக்டர், அத்தனை பேர் முன்னால். குப்பை பொறுக்க வந்த இடத்தில் குப்பையை எடுக்காதே என்றால் என்ன நியாயம்? என்னைக் கிட்டே சேர்க்காமலிருக்க அவர் போட்ட வேலி என்றுதான் எனக்குப் பட்டது.

எண்ணுகிற நாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் சருகு கூட்டுகிற இரும்பு வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பத்திலிருந்து கம்பம் வரை வாரினேன். கை ஓடியது, வெளியிலும் வாரினேன். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மதிலோரம் அடுக்கினேன். அந்தத் தொப்பி மாசக்கணக்கில் செய்யாததை ஒருத்தன் ஒரே பொழுதில் முடித்திருக்கிறான் என்று அவள் வந்து பார்க்கட்டும்.

காலையில் அவளோடுதான் போனேன். கூட்டத்தை நடத்துகிற, கழுத்தில் விசில் தொங்கும் பெண் தலையில் கைவைத்து நின்றாள்.

"அய்யய்யோ, யாரு இதைச் சுத்தம் பண்ணது?"

கடற்கரை சுத்தமாக இருக்கிறதே என்று அழாத குறை! இந்தக் கூத்தை வேறெங்கே பார்ப்பது?

டாக்டர் மணலில் குந்தினார். "கடல் வேலை இல்ல, வாரி போட்டிருக்காங்க. பாருங்கம்மா, கோடு வரிசையா வருது, ஓரத்துல மட்டும் ஒண்ணு விட்டுப்போகுது. அந்த வாரிக்கு ஒரு பல்லு இல்ல."

தொழில் விடுமா.

அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பல்லைக் கல்லில் மோதி உடைத்ததே அவள்தான். நேரே வந்தாள்.

"நீங்களா?"

"ஆமா. சுத்தமா இருக்கில்ல?"

"அள்ளினதெல்லாம் எங்க?"

சாக்குகளைக் காட்டினேன். அவள் முகத்தில் உயிர் வந்தது. "டாக்டர், கொட்டிடலை! இதையே எண்ணிடலாம்!"

அப்போதும் டாக்டர்தான்.

அவர் ஓடிவந்தார். "கம்பத்துக்கு உள்ள எடுத்தது மட்டும்தானே அய்யா?"

"வெளியவும் எடுத்தேன். கால்வாய் வரைக்கும். அரைகுறையா விட்டுப் பழக்கமில்ல."

"எது எந்தச் சாக்குல?"

"குப்பையில என்ன உள்ளது, வெளியது?"

"அப்ப இந்த மாசம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் விசில் பெண், என் வீட்டுக்காரியிடம்.

அவள் கையுறையைக் கழற்றினாள். "மழை ஓஞ்சு முதல் தடவைங்க. இனி அடுத்த மழைக்குத்தான். வேற எதுல வேணும்னாலும் கை வெச்சிருக்கலாம். இது ஒண்ணுதானே என்னோடது?"

"உன்னோடதா, அவரோடதா?" கேட்டே விட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அட, இதுக்கா? இந்த வயசுலயா?" சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணிக்கைத் தாள் செருகிய அட்டையை நீட்டினார். "அய்யா, இனி நீங்க அம்மாகூட இருந்து எழுதுங்க. நான் தனியாப் பொறுக்கிக்கிறேன்."

தாள் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. என் பேரை எழுதவே எனக்கு நேரம் பிடிக்கும். அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"கண்ணாடி கொண்டாரல" என்றேன். கண்ணாடி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தேன். பின்னால் அவர் என்னவோ மெல்லச் சொன்னார். அவளும் மெல்லப் பதில் சொன்னாள். இதற்குப் பேர் ஆராய்ச்சியாம். மணலைத் திரும்பிப் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. ஒருத்தராவது நன்றாயிருக்கிறது என்று சொன்னார்களா? போங்கடா என்று நடையைக் கட்டினேன்.