பியானோவுக்குச் சுருதி சேர்க்கப்படும், மூன்றாவது லயம்

1943ஆம் ஆண்டு ஆடி மாதம் மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினேழு வீடுகளில் பியானோ ஒலித்துக்கொண்டிருந்தது. பியானோ ஒரு வீட்டிலும் கிடையாது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போன ஆள் எந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்தானோ, அந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது. அரிசி விலையைப் பேசிய அளவுக்குக்கூட இதை யாரும் பேசவில்லை. கூரை ஒழுகும் இடத்தை ஒதுங்கிப் போவதுபோல, பெண்கள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப்போய் அடுப்பு மூட்டினார்கள்.

கூலிக்காரர் வரிசை வீடுகளில் மூன்றாவது லயத்து அமிர்தலிங்கம் சண்டைக்கு முன் துரைமார் பங்களாக்களில் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். துரைமார் ஓடியபின் மிஞ்சியது பெரிய பங்களாவில் ஒன்றுதான். ஜப்பானிய அதிகாரி அதில் ஞாயிறுதோறும் கச்சேரி வாசித்தார்; தோட்டமே புல்தரையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். தொழில் இல்லாதவன் அடுத்த லாரியில் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. "ஒரு பியானோவுக்கு ஒரு ஆளுன்னு எழுத முடியாதுலா. வாடிக்கைய காட்டு, பேர அடிச்சிர்றேன்" என்றார் ஆள் பட்டியல் எழுதும் தோட்டத்துக் கிராணி. காகிதம் கிடைக்காத காலம். வாங்க ஆளில்லாத ரப்பர் ஷீட்டுகளோ குவிந்து கிடந்தன. அமிர்தலிங்கம் அதில் ஒன்றை எடுத்து, 'பியானோவுக்குச் சுருதி சேர்க்கப்படும், அமிர்தலிங்கம், மூன்றாவது லயம்' என்று ரப்பர் பால் வெட்டும் கத்தியால் கீறி, கச்சேரிக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி பங்களா வாசலில் தொங்கவிட்டார். மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்லாத கூட்டம் அதைப் படித்துச் சிரித்தது. மொட்டையனிடம் சீப்பு விற்கிறார் என்றார்கள். புருஷனைச் சயாமுக்குக் கொடுத்திருந்த லெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு படுக்கிற எடத்துல ஒண்ணு இருக்கு. ஒரு கட்டை மட்டும் பெசகா கேக்குது. வந்து பாக்குறீங்களா?"

அவர் போய் முட்டிபோட்டு, வெறும் காற்றில் முறுக்குச் சாவியைப் பொருத்தித் திருகினார். பிசகு சரியாயிற்று. ஒரே மாதத்தில் பதினேழு வீட்டுக்கும் அவரே ஆள். வாடிக்கையைச் சோதிக்க வந்த ஜப்பானிய அதிகாரி லெட்சுமி வீட்டில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முழுப் பாட்டையும் நின்று கேட்டார். பியானோ கண்ணுக்குத் தெரிகிறதா என்று படிவத்தில் கேள்வி இல்லை. அமிர்தலிங்கத்தின் பெயரை அடித்தார்கள்.

ஆனால் லாரி நிறைய வேண்டுமே. அடித்த பெயருக்குக் கீழேயே அமிர்தலிங்கத்தின் மகன் வீரமுத்துவின் பெயரைக் கிராணி எழுதினார். பத்தொன்பது வயது, பால் வெட்டுகிற பிள்ளை. "வூட்டுக்கு ஒரு ஆளுலா, நான் என்ன செய்ய" என்றார். அமிர்தலிங்கம் லாரிக்குப் பின்னால் ஓடி, தனக்குத் தொழிலே தெரியாது, எழுதியது பொய் என்று கத்தினார். கேட்பாரில்லை. திரும்பி வந்து விளம்பரத்தைக் கிழிக்கப் பார்த்தார். ரப்பர் கிழியவில்லை, இழுத்த இழுப்புக்கு நீண்டுகொடுத்து, விட்டதும் பழைய அளவுக்கே வந்தது. மறுநாள் காலை அவர் வீட்டிலும் பியானோ கேட்டது. அதிலும் ஒரு கட்டை பிசகு. சாவியை எடுத்தவரின் கையை மனைவி பஞ்சாலை பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அவன் வந்தா தானா நின்னுடும். நிக்கப்போறதுக்கு எதுக்குச் சுருதி?"

சண்டை முடிந்து நாலு பேர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பாய் விரித்துப் படுத்த அன்றே அந்த நாலு வீடுகளிலும் சத்தம் நின்றது. மற்ற வீடுகளில் நிற்கவில்லை. பிசகிய அந்தக் கட்டையைக் கேட்டபடியே பஞ்சாலை இரண்டு வருஷம் சோறு வடித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறுக்குச் சாவியை அவளே முந்தானையில் துடைத்து எடுத்துவந்து புருஷன் முன் வைத்தாள்.

"அந்தக் கட்டைய பாத்துடுங்க."

அமிர்தலிங்கம் அழுதுகொண்டே மகன் படுத்த இடத்தில் முட்டிபோட்டார். அதன்பின் வாரம் ஒருமுறை பதினாலு வீடுகளுக்கும் போய்வந்தார். தன் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார்.