சிவப்புப் பட்டை

கைபேசி உலாவிக்குக் கெரின் எழுதிய செருகுநிரலுக்கு ஒரே வேலைதான். பக்கத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டு படிக்க விடாமல் தொல்லை தரும் பட்டை எதுவானாலும் மறைத்துவிடும். விளம்பரமா வேறா என்றெல்லாம் பார்க்காது. எழுதியவளுக்கு அதில் பெருமை வேறு. கிப்ஸ்லாந்து மலைக்காட்டோரம் தனியாக இருக்கும் அப்பாவின் கைபேசியிலும் கிறிஸ்துமஸ் அன்று அவளே போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை மெல்பர்ன் டிராமில் நின்றபடி, அந்தச் செருகுநிரலுக்கு யாரோ புதிதாக எழுதியிருந்த விமர்சனத்தைப் படித்தாள். "காட்டுத்தீ எச்சரிக்கையும் மேலே ஒட்டுற பட்டைதான். அதையும் முழுங்கிட்டியே, புத்திசாலி!"

ஜன்னலுக்கு வெளியே வானம் பழுப்பேறிக் கிடந்தது. உடனே அப்பாவை அழைத்தாள்.

"என்னம்மா கெரி, வேலைக்குப் போகலையா?" அப்பா டெஸ் நிதானமாக டீ உறிஞ்சினார். "இங்க புகை வாசம் கொஞ்சம் அடிக்குது. காலையிலேருந்து நாலு தடவை தீயணைப்புத் துறையோட இணையப் பக்கத்தைப் பாத்துட்டேன், ஒண்ணும் போடல. பக்கத்து வீட்டு நோலீன்தான் பயந்தாங்கொள்ளி, நாயைத் தூக்கிட்டு அப்பவே ஓடிட்டா."

"அப்பா, மேல மூணு புள்ளி இருக்குல்ல? அதைத் தொட்டு, நான் போட்டுக் கொடுத்ததை அணைச்சிட்டு மறுபடி பாருங்க. சீக்கிரம்!"

"சரி சரி, கத்தாதே. கண்ணாடியை எங்க வச்சேன்..."

அவர் மேசையைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு திரையைத் தட்டும் சத்தம்.

"சிவப்பா ஒண்ணு வந்திருக்கும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "'இனிமேல் கிளம்பாதீர்கள், நேரம் கடந்துவிட்டது'ன்னு போட்டிருக்கு."