சிவப்புக் கதவில் ஒரு பெயர்

சிவப்பு வண்டியில் ஸ்டிக்கர் எடுப்பது என்றாலே எனக்கு ஆகாது. வெள்ளை வண்டியில் எத்தனை வருஷம் ஒட்டியிருந்தாலும் எடுத்த இடம் பெரிதாகத் தெரியாது. சிவப்பு அப்படியில்லை. வெயிலில் சுற்றிலும் வெளுத்துப்போய், ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். எழுத்தை உரித்துப் போட்டாலும் எழுத்து வண்டியிலேயே நிற்கும். எங்கள் தொழிலில் அதை நிழல் என்போம். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எடுக்கவே இல்லையே" என்று என் முகத்தைப் பார்ப்பார். விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று காலை வந்ததும் சிவப்புதான். இரண்டு பக்கமும் முன்சக்கரத்திலிருந்து பின்விளக்கு வரை வெள்ளி நிறத்தில் இரட்டைக் கோடு. கோட்டுக்குக் கீழே கதவுகளை அடைத்துக்கொண்டு ஒரு ஆணின் பெயர், அதற்கடியில் ஏ.சி. பழுது பார்க்கப்படும் என்று ஒரு வரி, அதற்கும் அடியில் செல்போன் எண். ஓட்டி வந்தவள் ஒரு பெண். வண்டியை ஷெட்டுக்குள் பின்பக்கமாக ஏற்றி, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நிறுத்தினாள். அந்த மூலையில் யாரும் நிறுத்த மாட்டார்கள், பழைய பம்பர்கள் குவிந்து கிடக்கும்.

"அக்கா, எல்லாத்தையும் எடுக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தியானம் ஆயிடும்."

"அதுக்கு முன்னாடி முடியாதா?"

"சூடு காட்டி மெதுவாத்தான் உரிக்கணும்மா. அவசரப்பட்டா பெயின்டும் கூடவே வந்துடும். அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க."

"வரமாட்டேன்," என்றாள். "நான் இந்த ஊருக்கே வரமாட்டேன்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஏன் என்று கேட்டேன். அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் விழுந்தவர்களையும் வாதம் வந்தவர்களையும் நடக்க வைக்கிறவள். பின்சீட்டை மடித்து, மடக்குக் கட்டிலும் கருவிகளும் ஏற்றியிருந்தாள். வண்டி அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கல்யாணமான கையோடு புருஷன் தன் பெயரை ஒட்டிவிட்டான். ஓசியில் விளம்பரம், மாமனார் செலவில்.

"இன்னைக்கு அவரை விட்டுட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். போன தடவை பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். பஸ் கிளம்பறதுக்குள்ள வந்து கையப் பிடிச்சு இறக்கிட்டாரு. அத்தனை பேர் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டேதான் இறக்கினாரு. வீட்டுக்குப் போன பிறகுதான்..." அவள் மேலே சொல்லாமல் முழங்கைக்குமேல் ஏறியிருந்த சட்டைக் கையை இழுத்துவிட்டாள். "வழி முழுக்க பெட்ரோல் பங்க், ஓட்டல், டோல்கேட், எல்லா இடத்துலயும் ஏ.சி. அவரு மாட்டினதுதான். இந்தப் பேரைப் பாத்தா ஒருத்தர் இல்லேன்னா ஒருத்தர் போன் போட்டுச் சொல்லிடுவாங்க."

நான் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டுநர் பக்கத்தில் ஆரம்பித்தேன். கை பொறுக்கிற அளவு சூடு காட்டி, நுனியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, வந்த வழியிலேயே மடக்கி இழுக்க வேண்டும். இது பழைய ஸ்டிக்கர், காய்ந்து போயிருந்தது. முழுசாக வராமல் நகம் நகமாக உடைந்தது. அவள் பக்கத்தில் குந்தி, உடைந்த துண்டுகளைக் கேட்காமலே பொறுக்கினாள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பொறுக்குகிற கை நின்றுவிடும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஓட்டுநர் பக்கம் முடிந்து, மறுபக்கக் கோட்டையும் எடுத்துப் பெயரில் கை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடி அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெயின்ட் கலக்கிக் கொண்டிருந்தவர்.

"நீ எடுக்கலாம். அந்த நம்பருக்குப் பேசிட்டேன்."

"எந்த நம்பருக்கு?"

"வண்டியில இருக்கிற நம்பருக்குத்தான். பேர் சொல்லிக் கேட்டேன். எடுங்கன்னுட்டாரு. நல்லாத்தான் பேசினாரு. கிளம்பி வர்றாராம்."

எங்கள் ஷெட்டில் இது ஒரு வழக்கம். முன்பு ஒருத்தன் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்து, பெயரை எடுத்துக்கொண்டு போனான். அது திருட்டு வண்டி. போலீஸ் ஸ்டேஷனில் இவரை ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து, பெயர் போட்ட வண்டி வந்தால் அதில் உள்ள எண்ணுக்கு ஒரு வார்த்தை பேசாமல் விடமாட்டார். தப்பே செய்யத் தெரியாத மனுஷன். அவள் சொன்னதை உள்ளே போய் இவர் காதில் போட்டிருக்க வேண்டியவள் நான். வேலை வேகத்தில் போடவில்லை.

கதவிலிருந்து கருகின வாடை வந்தது. ஹீட் கன் ஒரே இடத்தில் நின்றுவிட்டிருக்கிறது. பெயின்ட் கொப்பளித்துவிட்டது. அணைத்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க இருந்து வர்றாராம்?" என்று கேட்டாள். குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"பக்கத்துலதான் ஏதோ வேலையா இருக்காராம். 'எடுத்துக்கிட்டே இருங்க, நான் வர்ற வரைக்கும் வண்டிய விடாதீங்க'ன்னாரு," என்றார் இவர். சொல்லும்போதே ஏதோ சரியில்லை என்று புரிந்து, என்னைப் பார்த்தார். நான் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அந்த மனுஷன் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார்.

"நான் இப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்," என்றாள்.

"எப்படிப் போவீங்க? தெருவுக்கு ஒரே வாசல்தான், அவன் அந்த வழியாத்தான் வரணும். பேரும் பாதி அப்படியே இருக்கு. எடுத்த பக்கத்துலயும் நிழல் தெரியுது, பாருங்க."

பார்த்தாள். ஓட்டுநர் பக்கக் கதவில் ஸ்டிக்கர் துளிகூட இல்லை. ஆனால் அவன் பெயர் அடர்சிவப்பில் பளிச்சென்று படிக்க வந்தது.

"வண்டிய விட்டுடுங்க," என்றேன். "எங்க வேன்ல இவரு கொண்டுபோய் ரயில் ஏத்திவிடுவாரு. பக்கத்து ஊர் ஸ்டேஷன்ல, இங்க இல்ல."

"வண்டி இல்லாம நான் என்னக்கா செய்வேன்? கட்டில் இதுலதான் இருக்கு. என் பொழைப்பே இதுலதான் இருக்கு." முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. புருஷனை விட்டுப்போகிறேன் என்றபோது வராத அழுகை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை, அவள்தான் எதிரில் இருந்தாள். "வண்டிய நான் அனுப்பி வைப்பேன், சக்கரம் கழண்டாலும் தள்ளிக்கிட்டு வந்து குடுப்பேன். நீங்க முதல்ல முழுசா போய்ச் சேருங்க. போனை இங்கயே விட்டுடுங்க."

போனை இருக்கையின்மேல் வைத்தாள். ஒரு பையை மட்டும் எடுத்தாள். வேனின் பின்புறத்தில் பம்பர்களுக்கு நடுவில் படுத்து, வண்டி மூடுகிற துணியைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இவர் ஓட்டிக்கொண்டு போனார். நான் வண்டியின் பேட்டரியைக் கழற்றி, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினேன். எந்தப் புருஷனிடமும் மாற்றுச்சாவி இருக்கும்.

அவன் வந்தபோது நான் மறுபடி கதவின் முன் உட்கார்ந்திருந்தேன். சட்டை கசங்காத ஆள். வந்தவன் கையில் எனக்கு ஒரு குளிர்பானம்.

"வேலையப் பாருங்கக்கா. அவ எங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க தம்பி. பக்கத்துல எங்கயாவது சுத்திட்டு வரேன்னாங்க."

அவன் தன் போனை எடுத்தான். வண்டிக்குள் அவள் போன் அடித்தது. அது அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவன் கதவைத் திறந்து போனை எடுத்தான், மடக்குக் கட்டிலைத் தொட்டுப் பார்த்தான், உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"பேட்டரி இல்ல?"

"சூடு காட்டறப்ப கழட்டி வைக்கறதுதான் எங்க வழக்கம். சார்ஜ்ல கிடக்கு."

இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றான். மூச்சு என் கழுத்தில் படுகிற தூரம். "பேரை ஏன் எடுக்கச் சொன்னா? பொய் சொன்னா எனக்குத் தெரியும்க்கா," என்றான். குரலை ஏற்றவே இல்லை. அந்தக் குரலைத்தான் அவள் வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகு கேட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"சொல்லக் கூடாதுன்னாங்க," என்றேன். "பழசு வெளுத்துப்போச்சாம். உங்களுக்குத் தெரியாம புதுசாப் போடணுமாம். இதைவிடப் பெரிய எழுத்துல."

அது எங்கிருந்து என் வாயில் வந்ததோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பின்னாலிருந்து ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"பெரிய எழுத்துலயா," என்றான்.

அதன் பிறகு அவன் போகிற ஆளாக இல்லை. எனக்கும் அதுதானே வேண்டும். இவன் இங்கே உட்கார்ந்திருக்கிறவரை ரயில் நிலையத்தில் இல்லை. காலையில் அவசரமாகப் போன வேலையை இப்போது இழு இழு என்று இழுத்தேன். ஒரு எழுத்தை எடுத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். இல்லாத பசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "அந்த ஓரத்துல இன்னும் ஒட்டியிருக்குக்கா" என்று யோசனை வேறு. தங்க நிறம் நன்றாக இருக்குமா என்று கேட்டான். சிவப்பில் தங்கம் எடுப்பாக இருக்கும் என்றேன். அவளுக்கு இதெல்லாம் தோன்றும் என்று நினைக்கவில்லை என்றான். தன் பெயரை இன்னும் பெரிதாகப் பார்க்கப் போகிறவன் முகம் குழந்தை முகம்போல இருந்தது. நடுநடுவே எழுந்து வாசல்வரை போய்த் தெருவைப் பார்ப்பான்.

பசை போனதும் பாலிஷ் மிஷினை எடுத்தேன். அவன் கதவைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, எடுத்தும் எம்பேரு போகலையே."

"அது பேரு இல்ல தம்பி. சுத்தி இருக்கிறது வெளுத்துப்போச்சு, அவ்வளவுதான். வெளுத்த தோலைத் தேய்ச்சு எடுத்துட்டா எல்லாம் ஒண்ணாயிடும்."

தேய்த்தேன். தேய்க்கிற காம்பவுண்ட் குழம்பைப் பூசி, மிஷினைத் தாழ்ந்த வேகத்தில் ஓட்டி, முதலில் ஓட்டுநர் பக்கம், பிறகு மறுபக்கம். வெளுத்த சிவப்பு இளஞ்சிவப்புத் தூளாக என் முன்கையெல்லாம் படிந்தது. எழுத்து ஒவ்வொன்றாக மங்கியது. கருகிய இடத்தில் மட்டும் ஒரு கொப்புளம் நின்றது.

அப்போது என் போன் அடித்தது. இவர்தான். மிஷினை அணைத்தால் அவன் காதுக்குக் கேட்கும் என்று, ஓடவிட்டபடியே காதில் வைத்தேன்.

"ஏத்திட்டேன்," என்றார். "ரயில் கிளம்பிடுச்சு. நீ அவங்ககிட்ட சொல்லு, இல்ல... அவங்கதான் போயிட்டாங்களே. என்னமோ சொல்ல வந்தேன். நீ நல்லா இருக்கியா?"

"வேலை முடியுது, வாங்க," என்றேன்.

பக்கத்து ஷெட்டில் ஒடுக்கு எடுக்கிற டிங்கர்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. மிஷினை அணைத்துக் கீழே வைத்தேன். மத்தியானம் முழுக்க அடக்கி வைத்தது இனிமேல் அடங்காது என்று தெரிந்தது. "எழுந்திருங்க தம்பி," என்றேன். "அவங்க வரமாட்டாங்க. சாப்பிடவும் போகல, ஸ்டிக்கர் போடவும் சொல்லல. உங்களை விட்டுப் போயிட்டாங்க. நான்தான் அனுப்பி வெச்சேன்."

எழுந்து அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஸ்பானர் கைக்கெட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவன் அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"விளையாடாதீங்கக்கா. அவ போனு இங்க இருக்கு. கட்டில் இங்க இருக்கு. அவ என்னை விட்டுக்கூடப் போவா, இந்த வண்டிய விட்டுப் போகமாட்டா."

அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல. சொன்னது என்ன என்று அவன் காதுக்கே எட்டவில்லை. மத்தியானம் முழுக்க நான் சொன்ன பொய்யை எல்லாம் வரி வரியாக நம்பியவன், இந்த ஒரு உண்மையை நம்ப மாட்டேன் என்றான். பாவமாக இருந்தது. பாவம் என்று தோன்றியதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய், தெரு தெரிகிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்திருந்தான்.